ஏழாம் அத்தியாயம்: கொன்ஃபிக்மப்பைக் கையால் எழுதாதீர்கள்

மேசையில் இரண்டு போன்கள். இரண்டிலும் ஒரே முகவரி, ஒரே பக்கம். ஒன்றில் யாழ்ப்பாணம் - கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஒரு விலை, மற்றதில் அதைவிட முந்நூறு ரூபா கூட. பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தோம். விலை ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. நல்லூர்த் திருவிழாக் காலம். வெளியூர்ச் சனம் வந்து போகிற நேரம். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்து செய்த வேலை அது.

"தம்பி, என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. விலையை மாத்தச் சொன்னவை. கொன்ஃபிக்மப்பை எடிற் பண்ணி மாத்தினனான். அவ்வளவுதான்."

"எப்ப?"

"நாலு நாளைக்கு முன்னம். மாறேல்லை. சரி, கொஞ்சத்தாலை மாறும் எண்டு விட்டிட்டன்."

நாலு நாளாக மூன்று பொட்களும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருந்தன. முந்திய நாள் இரவு அவற்றில் ஒன்று நினைவகம் போதாமல் விழுந்து மறுபடி எழும்பியிருக்கிறது. எழும்பும்போது புதிய விலையை வாசித்துவிட்டது. மற்ற இரண்டும் விழவில்லை, ஆகவே வாசிக்கவுமில்லை. பயணி எந்தப் பொட்டிடம் போய்ச் சேர்கிறாரோ அதன் விலைதான் அவருக்கு. தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எடிற் கட்டளையை அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்.

தொடங்க முன் எழுத்து பற்றி ஒன்று. இந்த நூலில் கட்டளைகளையும் பெயர்களையும் நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் சொல்வது போலத் தமிழில் எழுதுகிறோம். கியூப்கொன்ரோல், அப்ளை, ஹைஃபன் கே என்று. திரையில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். ஏன் அப்படி என்பதற்கு வெறும் வழக்கத்தைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. கீழே வரும்.

வெளியே வைக்க வேண்டியவை

முதல் அத்தியாயத்திலிருந்து நாம் கட்டிவரும் பயிற்சிச் செயலி 'படகு'. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளின் நேரத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஐந்தாம் அத்தியாயத்தில் அதைக் கொள்கலன் இமேஜ் ஆக்கினோம். ஆறாம் அத்தியாயத்தில் டிப்ளோய்மென்ற் எழுதி மூன்று பொட்களாக ஓடவிட்டோம். அப்போது நேர அட்டவணையை இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டியது நினைவிருக்கும். அது வேண்டுமென்றே விட்ட பிழை. வாடைக்காற்று எழும்பி, "இன்று நெடுந்தீவுப் படகு இல்லை" என்று ஒரு வரி போட வேண்டி வந்தால் அந்த ஒரு வரிக்காக இமேஜ் முழுவதையும் திரும்பக் கட்டி, பதிவகத்துக்கு ஏற்றி, கிளஸ்ரர் அதை இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சனம் துறைக்குப் போய் வெயிலில் நின்றுவிடும்.

நிரல் ஒன்று, அதைச் சூழ்ந்த விபரம் வேறொன்று. மடிக்கணினியிலும் சோதனைச் சேர்வரிலும் நேரலையிலும் ஓட வேண்டியது ஒரே இமேஜ். மாறுவது தரவுத்தளத்தின் முகவரி, அறிவித்தல், கட்டணம், தொடர்பு எண், பக்கம் திறக்கும் மொழி. இந்த மாறுகிறவற்றைத் திறப்பு - மதிப்பு என்ற சோடிகளாகக் கிளஸ்ரரில் வைத்திருக்கும் பொருள்தான் கொன்ஃபிக்மப்.

குபர்நெற்றிஸ் என்றால் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவன். கூகிள் 2014 இல் அதை வெளியிட்டது. 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. அதில் ரகசியங்களை வைக்கும் சீக்ரெற் இருந்தது, கொன்ஃபிக்மப் இல்லை. ரகசியமே இல்லாத சாதாரண அமைப்புகளையும் ஆட்கள் சீக்ரெற்றுக்குள் போட்டுச் சமாளித்தார்கள். 2016 மார்ச்சில் வந்த 1.2 பதிப்போடுதான் கொன்ஃபிக்மப் தனியாகப் பிறந்தது. அதன் கொள்ளளவு ஒரு மெபிபைற், அதாவது 10,48,576 பைற். படங்களையும் பயனர் தரவையும் அதற்குள் திணிக்க நினைக்காதீர்கள். கடவுச்சொல் இங்கே வரவே கூடாது.

பொட் எப்படி வாசிக்கிறது

இரண்டு போன் கதை முழுக்க இந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. அவசரப்பட்டுத் தாண்டிப் போக வேண்டாம்.

பொட் கொன்ஃபிக்மப்பை வாசிக்கப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று சூழல் மாறி. கொள்கலன் தொடங்கும் கணத்தில் மதிப்புகள் அதன் கையில் கொடுக்கப்படுகின்றன. அதோடு சரி. பிறகு கொன்ஃபிக்மப்பில் நீங்கள் என்ன மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலனுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து புறப்படும்போது கடைக்காரரிடம் வாங்க வேண்டியதைத் துண்டில் எழுதிக் கொண்டுபோன பிள்ளை மாதிரி. அம்மா வீட்டில் நினைப்பை மாற்றினால் துண்டு மாறாது.

மற்றது கோப்பாகப் பொருத்துவது. ஒவ்வொரு திறப்பும் கொள்கலனுக்குள் ஒரு கோப்பாகத் தெரியும். இங்கே மாற்றம் உள்ளே போய்ச் சேரும், ஆனால் உடனே அல்ல. ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் கியூப்லெற் தன் சுற்றில் வந்து பார்க்கும்போதுதான். ஒரு நிமிடமோ அதைவிடச் சற்றுக் கூடவோ ஆகும். கோப்பு மாறியதும் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. உங்கள் செயலி கோப்பைத் தொடக்கத்தில் ஒரு தடவை வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்றால் கோப்பு மாறியும் பயனில்லை. கோப்புகளை சப்பாத் முறையில், அதாவது ஏற்கனவே உள்ள ஓர் அடைவுக்குள் தனிக் கோப்பாகச் செருகியிருந்தால், கியூப்லெற்றும் அதைப் புதுப்பிக்காது. இந்தக் கடைசிச் செய்தி ஆவணத்தில் ஒரு வரியாக இருக்கிறது. நான் அதை வாசித்தது ஒரு பின்னேரம் முழுவதும் தேடிய பிறகு.

ஆகவே, ஒரே பெயரில் உள்ள கொன்ஃபிக்மப்பை இருந்த இடத்தில் மாற்றினால் எந்தப் பொட் எப்போது எதை வாசிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அலுவலகத்து மூலையில் ஒரு சிறிய கணினியில் கே-த்ரீ-எஸ் என்ற இலகுவான குபர்நெற்றிஸைப் போட்டுக் கிளஸ்ரர் நடத்துகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போய், பற்றரி தீர்ந்து, எல்லாம் அணைந்து, திரும்ப எழும்பும்போது எல்லாக் கொள்கலன்களும் புதிதாகத்தான் தொடங்கும். மூன்று கிழமைக்கு முன் யாரோ எடிற் பண்ணி, "மாறேல்லை" என்று கைவிட்ட ஒரு மாற்றம் அந்த நேரத்தில் உயிர் பெறும். விளக்கு வந்ததும் செயலி வேறு மாதிரி நடக்கும். மின்வெட்டில் ஏதோ பழுதாகிவிட்டது என்று எல்லோரும் வன்பொருளைப் போட்டுத் தேடுவார்கள்.

பிறப்பிப்பது

கொன்ஃபிக்மப்பை யமலில் கையால் எழுதலாம். நேர அட்டவணை ஏற்கனவே ஒரு ஜேசன் கோப்பு. அதை யமலுக்குள் ஒட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் சரியான இடைவெளி விட வேண்டும். எண்களுக்கு மேற்கோள் போட வேண்டும். துறைமுகம் 8080 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், எனக்கு எழுத்துத்தொடர்தான் வேண்டும், எண் வேண்டாம் என்று கிளஸ்ரர் திருப்பி அனுப்பிவிடும். அட்டவணை மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூலக் கோப்பு ஒன்று, யமலுக்குள் அதன் படி ஒன்று. ஒரு மாதத்தில் இரண்டும் வேறாகிவிடும். எது சரி என்று யாருக்கும் தெரியாது.

அதனால் சாதாரணக் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்திருங்கள். அவற்றிலிருந்து கொன்ஃபிக்மப்பைப் பிறப்பிக்கக் கருவி இருக்கிறது. கஸ்ரமைஸ் 2018 இல் வந்தது. 2019 மார்ச்சில் குபர்நெற்றிஸ் 1.14 வந்தபோது கியூப்கொன்ரோலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆகவே புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

'படகு' அடைவுக்குள் போங்கள். டிப்ளோய்மென்ற் யமலும் சேர்விஸ் யமலும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நேரம்.ஜேசன் என்ற கோப்பில் அட்டவணையையும், அறிவித்தல்.ரெக்ஸ்ற் என்ற கோப்பில் அன்றைய செய்தியையும் வையுங்கள். பிறகு கஸ்ரமைசேஷன்.யமல் என்ற கோப்பைத் திறந்து, ரிசோர்சஸ் என்ற தலைப்பின் கீழ் முதல் இரண்டு யமல்களின் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே இதைச் சேருங்கள்:

கொன்ஃபிக்மப்ஜெனரேற்றர்:
- நேம்: படகு-கொன்ஃபிக்
  ஃபைல்ஸ்:
  - நேரம்.ஜேசன்
  - அறிவித்தல்.ரெக்ஸ்ற்
  லிற்றரல்ஸ்:
  - கட்டணம்=100

ஃபைல்ஸ் என்பதில் வரும் கோப்பு முழுவதும் ஒரு மதிப்பாகும், கோப்பின் பெயர் திறப்பாகும். லிற்றரல்ஸ் என்பது ஒரு சொல், ஓர் எண் போன்ற சின்ன விடயங்களுக்கு. மூன்றாவதாக என்வ்ஸ் என்றும் உண்டு. வரிக்கு ஒரு சோடியாக எழுதிய கோப்பை அது தனித்தனித் திறப்புகளாகப் பிரித்துத் தரும்.

இப்போது கியூப்கொன்ரோல் கஸ்ரமைஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு புள்ளி. இது கிளஸ்ரருக்கு எதையும் அனுப்பாது, பிறந்த யமலைத் திரையில் காட்டும். நன்றாகப் பாருங்கள். நீங்கள் கொடுத்த பெயர் படகு-கொன்ஃபிக். வந்திருக்கும் பெயரில் அதற்குப் பின்னால் ஒரு கோடும் பத்து எழுத்தில் ஒரு வாலும் இருக்கும். உள்ளடக்கத்தின் ஹாஷ் அது, கைரேகை மாதிரி. கட்டணத்தை 100 இலிருந்து 120 ஆக்கித் திரும்ப ஓட்டுங்கள், வால் மாறும். திரும்ப 100 ஆக்குங்கள், பழைய வால் அப்படியே வரும். (வாலில் ஏ, இ போன்ற ஆங்கில உயிரெழுத்துகள் வராததைக் கவனிக்கலாம். உயிரெழுத்துகளையும் அவற்றைப் போலத் தோன்றும் 0, 1, 3 என்ற இலக்கங்களையும் வேறு மெய்யெழுத்துகளாக மாற்றிவிடுகிறார்கள். தற்செயலாகக் கெட்ட வார்த்தை ஒன்று அமைந்துவிடக் கூடாது என்பதற்காக. மென்பொருள் எழுதுகிறவர்களும் மானம் பார்க்கிறவர்கள்தான்.)

டிப்ளோய்மென்ற்றையும் பாருங்கள். நீங்கள் அதில் வெறும் படகு-கொன்ஃபிக் என்றுதான் எழுதியிருந்தீர்கள். வெளிவந்ததில் அங்கேயும் வாலோடு கூடிய பெயர் இருக்கும். பெயர் மாறியதால் பொட் வார்ப்பு மாறுகிறது. வார்ப்பு மாறினால் குபர்நெற்றிஸ் பொட்களை ஒவ்வொன்றாகப் புதியவற்றால் மாற்றும். புதியது எழும்பித் தயாராகாவிட்டால் அடுத்த பழையதை இறக்காது. எடிற் பண்ணியபோது எங்களுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

கியூப்கொன்ரோல் அப்ளை, ஹைஃபன் கே, புள்ளி. அனுப்பியாயிற்று.

பின்வாங்கும்போது இதன் அருமை இன்னும் விளங்கும். ரோல்அவுட் அண்டூ என்ற கட்டளை டிப்ளோய்மென்ற்றை முந்திய நிலைக்குக் கொண்டுபோகும் என்று ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கொன்ஃபிக்மப்புக்கு ஒரே பெயர் என்றால், அண்டூ பழைய இமேஜைக் கொண்டுவரும், ஆனால் அது வாசிப்பது புதிய அமைப்பை. பழைய நிரலும் புதிய அமைப்பும் ஒருநாளும் ஒன்றாகச் சோதிக்கப்படாத சோடி. வால் முறையில் பழைய டிப்ளோய்மென்ற் பழைய வாலைக் குறிப்பிடுகிறது, பழைய வாலுள்ள கொன்ஃபிக்மப் இன்னும் அங்கேயே இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அண்டூ அடிக்க வேண்டி வந்தவர்களுக்கு இதன் விலை தெரியும்.

ஓர் எச்சரிக்கை. கஸ்ரமைஸ் தனக்குத் தெரிந்த இடங்களில்தான் பெயரை மாற்றும். பொட் வார்ப்பில் சூழல் மாறியாகவோ பொருத்திய கோப்பாகவோ குறிப்பிட்டிருந்தால் பிழையில்லை. நீங்களே வரையறுத்த தனிப் பொருள்களிலோ, கொள்கலனுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் வெறும் சொல்லாகவோ அந்தப் பெயர் இருந்தால் அது கண்டுகொள்ளாது. வால் வேண்டாம் என்று அணைத்துவிடவும் ஒரு தெரிவு உண்டு. முதல் தடங்கலிலேயே அதை அணைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடித்ததற்காக நாயின் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பிறகு வளவைக் காக்கச் சொல்கிற கதை.

ஓர் அடி, இரண்டு மேல்

சோதனைக்கும் நேரலைக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும். இதற்காக முழு அடைவையும் படி எடுக்காதீர்கள். இதுவரை செய்ததை 'அடி' என்ற அடைவுக்கு நகர்த்துங்கள். பக்கத்தில் 'சோதனை', 'நேரலை' என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கஸ்ரமைசேஷன்.யமல். அதில் அடியைச் சுட்டிவிட்டு, மாறுகிறதை மட்டும் எழுதுங்கள்.

மேலடைவில் அதே பெயரில் ஜெனரேற்றர் எழுதும்போது, பிஹேவியர் என்ற இடத்தில் மேர்ஜ் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு என்று கஸ்ரமைஸ் முறைத்துக்கொண்டு நிற்கும். ரிப்ளேஸ் என்றால் அடியில் இருந்ததை முழுவதும் தூக்கி எறிந்துவிடும். இங்கே பலர் விழுகிற குழி ஒன்று: மேர்ஜ் கலப்பது திறப்புகளைத்தான், கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. நேரலையில் வேறொரு நேரம்.ஜேசன் கொடுத்து அதில் நெடுந்தீவு வரிகளை மட்டும் வைத்தால், அடியில் இருந்த நயினாதீவு வரிகள் அதற்குள் வந்து சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். திறப்பு ஒன்றே என்பதால் கோப்பு முழுவதும் மாற்றப்படும். நயினாதீவுக்குப் படகே இல்லாமல் போகும். தீவுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்து செய்யும் வேலைகள்

ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு இதுதான் முக்கியம்.

கொன்ஃபிக்மப்பின் மதிப்புகளில் தமிழ் தாராளமாக வரலாம், யூரிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். திறப்பில் வர முடியாது. திறப்பில் ஆங்கில எழுத்து, இலக்கம், கோடு, அடிக்கோடு, புள்ளி ஆகியவை மட்டும். கொன்ஃபிக்மப்பின் பெயரில் இன்னும் கண்டிப்பு, சிற்றெழுத்துத்தான். கோப்பின் பெயரே திறப்பாவதால், தமிழில் பெயரிட்ட கோப்பை ஃபைல்ஸ் கீழ் அப்படியே கொடுத்தால் பிறக்கும் கொன்ஃபிக்மப்பைக் கிளஸ்ரர் ஏற்காது. முன்னால் ஓர் ஆங்கிலத் திறப்பும் சமன்குறியும் போட்டு, பின்னால் தமிழ்க் கோப்பின் பெயரை எழுதினால் தப்பலாம். எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னது இதனால்தான்.

அடுத்தது பாமினி. அறிவித்தலை எழுதித் தருகிறவர் அனேகமாகக் கணினிப் பெடியள் அல்லர். அலுவலகத்தில் அச்சுப் பதிப்பவர். அவரிடம் இருப்பது பல வருடம் கைபழகிய பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். கணினிக்கு அது குறையில்லாத ஆங்கில எழுத்து. ஆகவே கஸ்ரமைஸ் முறைப்பாடு சொல்லாது, கிளஸ்ரர் ஏற்றுக்கொள்ளும், பொட் எழும்பும், எல்லாம் பச்சை. போனில் பார்க்கிறவருக்கு மட்டும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஏதோ தெரியும். ரிஸ்கிக் குறியாக்கத்தில் எழுதிய பழைய கோப்பு என்றால் இன்னொரு விதம். அது யூரிஎஃப்-8 ஆக இராது என்பதால் மதிப்பு டேற்றா பகுதிக்குப் போகாமல் பைனரிடேற்றா என்ற பகுதிக்குப் போய்விடும். திரையில் காட்டச் சொன்ன யமலில் பைனரிடேற்றா என்ற சொல்லைக் கண்டால், குறியாக்கம் மாறாத கோப்பு ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். பாமினிக்கு அப்படி ஓர் அடையாளமும் கிடைக்காது. அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது நுட்பமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. 'கொழும்பு' என்ற சொல்லை எடுங்கள். முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக்குறி என்று ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறிகளாக. திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. யூரிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற் என்பதால், இரண்டாவது விதத்தில் கோப்பு மூன்று பைற் கூட. ஹாஷ் பைற்றைத்தான் பார்க்கிறது, எழுத்தின் வடிவை அல்ல. ஒருவர் ஒரு விசைப்பலகையாலும் மற்றவர் வேறொன்றாலும் அதே அறிவித்தலை அடித்துச் சேமித்தால் வால் மாறும், பொட்கள் எல்லாம் புதுப்பிக்கப்படும். "நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லையே" என்று அவர் சொல்வது அவரளவில் உண்மை. கேடு எதுவும் நேராது, ஆனால் காரணம் தெரியாவிட்டால் பேய் பிடித்தது போலத்தான் இருக்கும். கோப்புகளைப் பிறப்பிக்க முன் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றும் ஒரு சின்ன நிரலை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வின்டோஸிலும் லினக்ஸிலும் வரி முடிவு வேறுபடுவதாலும் இதே வேடிக்கை நடக்கும். கிற் களஞ்சியத்தில் வரி முடிவை லினக்ஸ் முறைக்கு ஒருமுறை பூட்டிவிடுங்கள்.

எழுத்தை விட்டு நேரத்துக்கு வருவோம். கொள்கலன்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் எழும்பும். காலை ஆறு மணிப் படகு புறப்படும்போது செயலி இரவு பன்னிரண்டரை என்று நினைத்துக்கொண்டிருக்கும், ஐந்தரை மணித்தியால வித்தியாசம். நேர வலயத்தை லிற்றரல்ஸில் ஏசியா, சாய்கோடு, கொழும்பு என்று கொடுங்கள். கூட்டல் ஐந்தரை என்று எண்ணாகக் கொடுக்காதீர்கள். 1996 இல் இலங்கை நேரம் முதலில் ஆறரையாகவும் அதே ஆண்டில் ஆறாகவும் மாறி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. வன்னியில் பழைய நேரம், வெளியே புதிய நேரம் என்று அரை மணித்தியாலம் கணக்குப் பார்த்துத் திரிந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலயத்தின் பெயருக்குள் அந்த வரலாறு முழுவதும் இருக்கிறது, எண்ணுக்குள் இல்லை. இன்னொன்று: அல்பைன் போன்ற மிகச் சிறிய இமேஜ்களில் வலயத் தரவே இருக்காது. பெயரைக் கொடுத்தாலும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் பொது நேரத்திலேயே ஓடும். இமேஜ் கட்டும்போதே அந்தப் பொதியைச் சேர்க்க வேண்டும்.

சீக்ரெற்

தரவுத்தளக் கடவுச்சொல்லுக்கு சீக்ரெற்ஜெனரேற்றர் இருக்கிறது. எழுதும் முறை அதே, வால் அதே. வெளிவரும் மதிப்பு புரியாத எழுத்தாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பேஸ்-64, பூட்டு அல்ல. யாரும் ஒரு கட்டளையில் திருப்பிவிடலாம். மூலக் கோப்பைக் கிற்றுக்குள் போடாதீர்கள், பிறந்த யமலையும் போடாதீர்கள். களஞ்சியத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சோப்ஸ் அல்லது சீல்ட் சீக்ரெற்ஸ் கொண்டு மறைகுறியாக்கி வையுங்கள். இரண்டையும் பத்தாம் அத்தியாயத்தில் பார்க்கிறோம்.

வேறு வழிகள்

ஹெல்ம் என்ற வார்ப்புருக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வால் தானாக வராது. கொன்ஃபிக்மப் யமலின் ஹாஷைப் பொட் வார்ப்பில் ஒரு குறிப்பாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். அமைப்பு மாறினால் குறிப்பு மாறும், குறிப்பு மாறினால் பொட் மாறும். வேலை நடக்கும். ஆனால் கொன்ஃபிக்மப்பின் பெயர் ஒன்றே என்பதால் பழைய உள்ளடக்கத்தோடு தனிக் கொன்ஃபிக்மப் கிளஸ்ரரில் மிஞ்சாது. மூன்று நான்கு பேர் கொண்ட அணிக்கு நான் முதலில் சொல்வது கஸ்ரமைஸ்தான். வார்ப்புருவுக்குள் வார்ப்புரு எழுதி இடைவெளி எண்ணிக்கொண்டிருக்க எங்களிடம் ஆள் இல்லை.

எங்கள் நாட்டிலேயே பிறந்த வழி ஒன்றும் உண்டு. சஞ்சீவ வீரவரண 2005 இல் மற்றவர்களோடு தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ-ரூ உருவாக்கிய மொழி பலரீனா. அதில் எழுதிய நிரலைக் கட்டும்போதே, இது குபர்நெற்றிஸுக்குப் போகிறது என்று சொன்னால், கொள்கலன் இமேஜோடு டிப்ளோய்மென்ற், சேர்விஸ் யமல்களையும் அதுவே எழுதித் தரும். எந்த அமைப்புக் கோப்பு கொன்ஃபிக்மப் ஆகி எங்கே பொருத்தப்பட வேண்டும் என்பதை கிளவுட்.ரொம்ல் என்ற கோப்பில் சொல்லிவிடலாம். முன்பு நிரலுக்குள்ளேயே குறிப்புகளாக எழுத வேண்டியிருந்தது, பிறகுதான் தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம். நிரல் எழுதுகிறவரும் சேர்வர் பார்க்கிறவரும் ஒரே கோப்பில் கை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஏற்கனவே பைதனிலோ ஜாவாவிலோ எழுதிய செயலிக்கு இது உதவாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருமுறை பார்க்கலாம்.

குப்பையும் பூட்டும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய கொன்ஃபிக்மப் என்றால் பழையவை சேர்ந்துகொண்டே போகும். வாடைக் காலத்தில் நாளுக்கு ஓர் அறிவித்தல் என்றால் ஒரு மாதத்தில் முப்பது. அவசரப்பட்டுக் கூட்டி அள்ளாதீர்கள். டிப்ளோய்மென்ற் இயல்பாகத் தன் கடைசிப் பத்து நிலைகளை வைத்திருக்கும். அவற்றில் ஒன்றுக்குப் பின்வாங்க வேண்டுமானால் அதன் கொன்ஃபிக்மப் இருந்தாக வேண்டும். பத்தை விட்டுவிட்டு அதற்கு அப்பால் உள்ளதைக் கழியுங்கள். அனுப்ப முன் ஒவ்வொரு தடவையும் கியூப்கொன்ரோல் டிஃப், ஹைஃபன் கே, புள்ளி. கிளஸ்ரரில் இருப்பதற்கும் போகப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அது வரி வரியாகக் காட்டும். யாராவது இடையில் கை வைத்திருந்தால் அங்கேயே பிடிபடும்.

கடைசியாக, கை வைக்கவே முடியாதபடி பூட்டுவது. குபர்நெற்றிஸ் 1.21 இல், 2021 இல், நிலைத்த வசதி இம்மியூற்றபிள். ஜெனரேற்றர்ஒப்ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் இம்மியூற்றபிள் என்பதற்கு ரூ என்று கொடுங்கள். பிறந்த கொன்ஃபிக்மப்பை அதன் பின் யாரும் மாற்ற முடியாது, அழித்துப் புதிதாக ஆக்கலாம், அவ்வளவுதான். மாறாது என்று தெரிந்ததால் கியூப்லெற்றும் அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்காது. சின்னக் கணினியில் கிளஸ்ரர் நடத்துகிறவர்களுக்கு அது ஒரு உபகாரம். வால் முறை இல்லாமல் இதைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அப்ளை பண்ணும்போது உங்களையே மறுக்கும்.

பயிற்சி: பூட்டைப் போட்டு அனுப்புங்கள். பிறகு வேண்டுமென்றே கியூப்கொன்ரோல் எடிற் அடித்து, கட்டணத்தை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். எங்கள் அறையில் பூட்டுப் போட்ட அன்றைக்கே தம்பிக்கு விலை மாற்றச் சொல்லி ஒரு அழைப்பு வந்தது. பழக்க தோஷத்தில் எடிற் அடித்தார் போல. கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். பிறகு திரும்பினார்.

"அண்ணை, விடுகுதில்லை."

"கோப்பிலை மாத்தும்."